திதியும் தேதியும்

எங்கள் வீட்டுப் பட்டாசாலில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றன்றைய தாளைக் கிழிப்பது, ஆச்சி இருந்த காலம் வரைக்கும் ஆச்சியின் உத்தியோகமாக இருந்தது. அவள் காலமான பிறகு பரம்பரைப் பாத்தியதையாக அது என்னிடம் வந்து சேர்ந்தது. ஆச்சிக்கு எழுத்து வாசனை கிடையாது. கிழித்த தாளை எதிரில் அகப்பட்ட பேரப்பிள்ளையிடம் நீட்டி, "இன்னைக்கு என்ன திதிடே?" என்று கேட்பாளேயன்றி, தேதி என்ன என்று அவள் ஒருநாளும் கேட்டு நான் அறியேன். அப்படிப்பட்டவள் இறந்துபோன தினம் மாத்திரம் எங்கள் குடும்பத்தில் அக்டோபர் 16 என்று ஆங்கிலத் தேதியிலேயே நிலைத்துவிட்டது.

இதனால் வருஷந்தோறும் எனக்கும் என் தம்பிக்கும் ஒரு சிறு விவகாரம் உண்டு. பட்டணத்தில் இருக்கும் அவன் அன்று காலையில் தவறாமல் போன் செய்து, "அண்ணே, இன்னைக்குத்தானே ஆச்சி போன நாள்? அங்க ஒண்ணும் செய்யலியா?" என்பான். "திதிக்கு இன்னும் நாள் இருக்குடே" என்பேன் நான். சந்திரனை நம்பியிருக்கிற திதி ஒரு வருஷம் முன்னே வரும், ஒரு வருஷம் பின்னே போகும். அவனுக்கோ அந்த அலைச்சல் ஒத்து வராது. அவன் பட்டணத்தில் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டுவிடுவான். நான் திதியன்று சீவலப்பேரிப் படித்துறைக்குப் போவேன். ஆயினும் 16-ஆம் தேதியை அடியோடு தள்ளிவிட மனம் வராமையால், அன்றைய தாளை மட்டும் கசக்கி எறியாமல் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் நடந்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

அந்தத் தாளின் பின்புறத்தில், உலகத்தில் அதே தேதியில் நடந்த விசேஷங்கள் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். 1793-இல் பிரெஞ்சு ராணி மரீ அந்துவானெத் சிரச்சேதம் செய்யப்பட்டது; 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது; 1905-இல் கர்ஸன் பிரபுவின் வங்கப் பிரிவினை அமலுக்கு வந்தது; 1951-இல் பாகிஸ்தானின் முதல் பிரதமர் லியாகத் அலி கான் ராவல்பிண்டிக் கூட்டத்தில் சுடப்பட்டது; 1964-இல் சீனா முதல் அணுகுண்டை வெடித்தது. ஒரே வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த தாயாதிகளைப் போல இவர்களை இப்படி வரிசையாக உட்கார்த்திவைத்த காலண்டர்க்காரருக்கு, ஒருவருக்கொருவர் முகமறியார் என்கிற கவலை இல்லை. ராணி மாண்டதும் புதன்கிழமை, கட்டபொம்மன் மாண்டதும் புதன்கிழமை என்று வேண்டுமானால் கணக்குப் போட்டு வியக்கலாம். ஆனால் பாரிஸ் நகரத்து வெட்டுமேடைக்கும் கயத்தாற்றுப் புளியமரத்துக்கும் அந்தக் கிழமையைத் தவிர வேறு பந்தம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

கட்டபொம்மனுடைய அந்த நாளைப் பற்றி மட்டும், பக்கத்து ஊர்க்காரன் என்கிற உரிமையில், நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை முடித்துவிட்டுக் கை ஓய்ந்திருந்த கும்பெனியார், செப்டம்பரில் மேஜர் பானர்மன் தலைமையில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சூழ்ந்தார்கள். கோட்டையை விட்டு நீங்கிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, கயத்தாற்றுக்குக் கொண்டுவரப்பட்டு, அதற்கென்றே கூட்டி நிறுத்தப்பட்ட பாளையக்காரர்களின் கண்ணெதிரே விசாரிக்கப்பட்டு, அன்றைக்கே தூக்கிலிடப்பட்டார். கோட்டையை விட்டு வெளியேறியதற்காகவே அவர் வருந்தினார் என்பதைத் தூக்கிலிட்டவரே எழுதி வைத்திருக்கிறார். எதிரியின் காகிதத்தில் அகப்படுகிற புகழுக்கு, நம்மவர் பாடுகிற புகழைவிட எடை அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அதே புதன்கிழமை எங்கள் சீவலப்பேரியில் என்ன நடந்திருக்கும்? கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு நாற்றங்கால் தயார் செய்கிற பருவம் அது. வரப்பில் நின்று மடை திறந்தவனுக்கும், முக்கூடல் அழகர் சந்நிதியில் விளக்கேற்றியவனுக்கும், வடக்கே சில காத தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் நடந்தது அந்தி மயங்கும் வரையில் தெரிந்திருக்க நியாயமில்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒரு வண்டிக்காரன் வாயிலாகத்தான் சங்கதி வந்திருக்கும். வந்த சங்கதியைக் கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தவிடு வைக்கப் போயிருப்பார்கள். அவர்களுக்கு அது சரித்திரத் தினம் அல்ல, புதன்கிழமை.

காலண்டர்த் தாளில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வங்காளத்தைப் பிரித்த 1905 அக்டோபர் 16-ஐ வங்காளிகள் அடுப்பு மூட்டாமலும் கையில் ராக்கி கட்டியும் துக்கநாளாக அனுஷ்டித்தார்கள். அந்தத் துக்கத்தின் கங்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் தூத்துக்குடியில் வந்து விழுந்து பற்றிக்கொள்ள, சரியாக ஒரு வருஷம் கழித்து, 1906 அக்டோபர் 16-ஆம் தேதி, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி ரிஜிஸ்தர் ஆயிற்று: பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், பத்து லட்சம் மூலதனம். பிள்ளையவர்கள் பிறந்த ஒட்டப்பிடாரமோ, இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு நடந்து போகிற தூரம். சிறுபிராயத்தில் அந்த மண்மேட்டைப் பார்த்து வளர்ந்த ஒருவர், கட்டபொம்மன் மாண்ட தேதியை மனத்தில் கொண்டுதான் பதிவுப் பத்திரத்தை நீட்டினாரா, வங்கத்தை எண்ணி நீட்டினாரா, அல்லது வெறுமே கச்சேரி திறந்திருந்த நாளில் நீட்டினாரா என்று எண்ணி எண்ணி நான் படித்துறையில் எத்தனையோ அந்திகளைப் போக்கியிருக்கிறேன். மூன்றாவதுதான் உண்மை என்றாலும் எனக்கு ஏமாற்றம் இல்லை. பந்தம் தேதியில் இல்லை. ஒன்றைக் கண்டு மற்றொன்றைச் செய்கிற மனுஷரிடத்தில்தான் இருக்கிறது.

தேதியைத்தான் எவ்வளவு நம்பலாம் என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது நம் கணக்கில் கொல்லம் 975, சித்தார்த்தி வருஷம், ஐப்பசி பிறந்த கையோடு, பௌர்ணமி கழிந்த தேய்பிறையில். இப்போதோ அக்டோபர் 16 வருகிறபோது ஐப்பசி இன்னும் பிறந்திருக்காது; புரட்டாசி முடியக் காத்திருக்கும். நம்முடைய வருஷத்துக்கும் ஆங்கில வருஷத்துக்கும் உள்ள மிகச் சிறிய வித்தியாசம் இருநூறு வருஷத்தில் மூன்று நாளாகச் சேர்ந்து, இறந்தவருடைய மாதத்தையே மாற்றிவிட்டது. இந்த விநோதத்தைத் தம்பியிடம் ஒருமுறை விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். "அப்படின்னா ஆச்சிக்கும் இருநூறு வருஷத்துல மாசம் மாறிருமா அண்ணே?" என்றான். இருநூறு வருஷம் கழித்து ஆச்சிக்கு யார் எள்ளும் தண்ணீரும் விடப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

சிவாஜி கணேசன் நிலம் வாங்கிச் சிலை நிறுவுவதற்கு முந்திய காலத்தில், கயத்தாற்றில் தூக்கிலிட்ட இடத்துக்கு அடையாளமாக இருந்தது ஒரு கற்குவியல்தான். அந்த வழியே போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டுப் போவார்களாம். சந்தைக்குப் போகிறவனும் சம்பந்தம் பேசப் போகிறவனும் தேதி பார்த்தா அந்தப் பக்கம் போயிருப்பான்? காலுக்குப் பட்ட கல்லை, போகிற நாளில், குனிந்து எடுத்துப் போட்டிருப்பான். ஒன்றிரண்டு பேர் போடாமலும் போயிருப்பார்கள். தேதியும் திதியும் அறியாத அந்தக் குவியல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உயர்ந்துகொண்டே வந்தது.

சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சிற்றாறும் கோதண்டராம ஆறும் கூடுவதால் முக்கூடல் என்று பெயர். மூன்றாவது ஆறு கயத்தாற்றுப் பக்கமிருந்து வருகிறது என்று ஊரில் சொல்வார்கள். ஐப்பசி மழை பிடித்தாலொழிய அதில் நீர் பார்ப்பது அபூர்வம். சென்ற முறை ஆச்சியின் திதி நல்ல மழைக்குப் பின்பு வந்தது. நீர் செம்மண் நிறமாக இரண்டு படிகளை விழுங்கி ஓடியது. அய்யர் சொல்லச் சொல்லத் தாத்தா வழியாகவும் பாட்டி வழியாகவும் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி நீர் விட்டு முடித்தபின், தாயும் தந்தையும் தாயாதியும் பெயர் சொல்ல ஒருவரும் இல்லாதவர்களுக்கென்று கடைசியாக ஒரு கை நீர் இருக்கிறது அல்லவா, அதற்காகக் கூர்ச்சத்தின் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். சட்டையைக் கழற்றிப் படியில் வைத்திருந்தேன். அதன் பையில் 16-ஆம் தேதித் தாள் இன்னும் மடித்தபடி இருந்தது. "எள்ளு நிறைய எடுத்துக்கிடுங்க" என்றார் அய்யர். நிறைய எடுத்துக்கொண்டேன். விட்ட நீர் எந்த ஆற்றின் நீரோடு கலந்தது என்று தெரியாமல் மருதூர் அணைப் பக்கமாகச் சுழித்துக்கொண்டு போயிற்று.