பூக்கேட்டலும் சிக்னல் கேட்டலும்

வத்தளை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு நமுனுகுலவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே வந்துவிடலாம் என்ற எண்ணம் வந்ததும், அங்கே இணையம் எப்படி என்று விசாரிக்கத் தொடங்கினேன். என்னுடையது கொழும்புக் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு எழுதும் வேலை. லைன் இருந்தால் எந்த மலையில் இருந்தும் செய்யலாம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசை வைக்கும் மாமாவுக்கு இந்த விசாரணை பிடிக்கவில்லை. “கோயில் இல்லாத ஊருன்னா யோசிக்கலாம். ஆத்தா இருக்கிற எடத்துக்கு வர கம்பெனிக்காரன்கிட்ட என்ன கேள்வி புள்ள?” என்றார்.

அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் உறுதி செய்துகொண்டுதான் காலெடுத்து வைப்பேன் என்கிறவளுக்குச் சரணாகதி என்ற சொல்லைச் சொல்ல என்ன தகுதி இருக்கிறது?

ஆனால் மாமாவின் விதியை நம் முன்னோர்கள் கடைப்பிடித்திருந்தால் இந்தச் சரிவுகளில் ஒருவருமே குடியேறியிருக்க முடியாது. அவர்கள் வந்தபோது இங்கே அவர்களுடைய கோயில் ஒன்றும் இல்லை. தமிழகத்து ஊரிலிருந்து பிடிமண் எடுத்து வந்தார்கள், மரத்தடியில் கல்லை நட்டார்கள். தேயிலை ஆலையின் சக்கரத்துக்கு ரோதமுனி, கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துசாமி என்று ஊரில் கேள்விப்படாத சாமிகளெல்லாம் இங்கே பிறந்தன. ஆள் முதலில் வந்தது, சாமி பிறகு வந்தது.

இதை அவர்களுடைய நம்பிக்கையின் பெருமை என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் பேச வாய் வருவதில்லை. கேட்காமல் வந்தார்கள் என்றால், கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் காரணம். தேயிலைத் தூரைத் தோண்டினால் மாசியும் தேங்காயும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்த கதை மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூலியாட்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து அனுப்பினார்கள். போகிற இடம் எது என்பது வில்லைக்குத் தெரியும், சுமந்தவருக்குத் தெரியாது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதும் இதே கதைதான். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

போகும் முன் கேட்பது நம் வழக்கத்தில் இல்லாததா என்ன? மாமாவே பூக்கேட்டுத்தான் எதையும் செய்வார். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சன்னதியில் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார். லயத்து வரிசை வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் போக, பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச, எதற்கும் அந்தப் பொட்டலம்தான். அதை யாரும் நம்பிக்கைக் குறைவு என்று சொல்வதில்லை. மனிதரிடம் கேட்டுப் பழகாத சனம் தன் கேள்விகளையெல்லாம் சாமியிடம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். சாமி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்காது. ஆனால் இணையக் கம்பெனி சொல்ல வேண்டிய பதிலையும் சாமியே சொல்ல வேண்டும் என்பது நியாயமா?

இணையக் கம்பெனிக்கு போன் போட்டேன். வீட்டு இலக்கம், வீதியின் பெயர் கேட்டார் அந்தத் தம்பி. கீழ்க்கணக்கு, மூன்றாவது லயம் என்றேன். சிஸ்டத்தில் அப்படியொன்று இல்லையாம். லயத்துக்கு ஏது வீதி? தோட்டத்துக் கடிதங்கள் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் ஆள் கைக்கு வரும். அன்றைக்கு ஆளுக்கு இடம் தெரியாது, வில்லைக்குத் தெரியும். இன்றைக்கு இடம் எனக்குத் தெரிகிறது, சிஸ்டத்துக்குத் தெரியவில்லை.

கம்பெனியின் வரைபடத்தில் எங்கள் பகுதி முழுக்க 4ஜி நிறம் பூசியிருக்கிறது. மலை வேறு மாதிரி. சிக்னல் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முகடு வந்தாலே அலை தேய்ந்துவிடும். நமுனுகுலவின் உச்சியோ 2,036 மீட்டர். அதன் மடிப்புகளில் ஒரு லயத்துக்குக் கிடைக்கிற சிக்னல் அடுத்த லயத்துக்கு இருக்காது. 2021இல், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, இதே பதுளை மாவட்டத்தில் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்குச் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலையேறியதை வெளிநாட்டுச் செய்தி நிறுவனம்கூடப் படம் எடுத்தது. 2025இல் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. வானம் தெரிந்தால் போதும், முகடு ஒரு பொருட்டல்ல. ஆனால் அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமே 1,350 ரூபாய்தான், அந்தக் கருவியின் விலை லட்சத்தைத் தாண்டியது.

பிடிமண்ணைக் கொண்டுவந்து சாமியை நட்டதுபோல இதை நட முடியாது. கல்லுக்கு லாப நட்டம் இல்லை, கோபுரத்துக்கு உண்டு. அதனால் கோபுரத்தைப் பற்றி முன்கூட்டியே கேட்பதால் ஆத்தாவுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அங்கே பதில் இருந்தது. பதிலைக் கேட்டு எழுந்து போக வேறு காணி இல்லை. கேட்பது ஒரு உரிமை என்றால், பதில் பிடிக்காதபோது போகாமல் இருக்கவோ விட்டுப் போகவோ முடிய வேண்டும். எனக்கு அது முடியும், என் பாட்டிக்கு முடிந்ததில்லை. விசாரிப்பதைப் பக்தியின் எதிரி என்று மாமா பேசும்போது இந்த வித்தியாசத்தைத்தான் அவர் காண மறுக்கிறார்.

ஆகவே சிக்னலோடு இன்னொன்றையும் விசாரிக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு மேலே இருக்கிற சரிவு கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று.

“அதைக் கேளு,” என்றார் மாமா. “கோயில் எந்த நெறத்துல இருக்குன்னும் பார்த்துட்டு வா.”