எலுமிச்சம்பழமும் ஆறாம் வருட வாரண்டியும்

தசரா அன்று காலை புனே பாணேர் சாலையில் உள்ள கார் ஷோரூம்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. சாமந்தி மாலை போட்ட வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பானெட்டில் குங்கும ஸ்வஸ்திக், நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம். வீட்டுப் பெரியவர் தேங்காய் உடைத்துக் கையைத் துடைக்கும் வரை பொறுமையாக நின்றுவிட்டு, டை கட்டிய பையன் ஒரு படிவத்தை நீட்டுவான். "காகா, எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாமா? அப்புறம் டென்ஷனே கிடையாது." மராத்தியில் கேட்டாலும் இந்தியில் கேட்டாலும் அந்த 'டென்ஷன்' மட்டும் மாறாது.

பத்து நிமிடத்துக்கு முன்னால் இதே பையன்தான், "இந்த வண்டி ஒர்க்‌ஷாப் பக்கமே போகாது காகா" என்று அடித்துச் சொல்லியிருப்பான்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் படிவத்துக்குள் ஒரு பழைய கேள்வி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாளை வரக்கூடிய கஷ்டத்தை இன்றே காசு கொடுத்து அடைத்துவிட முடியுமா? முடியுமென்றால் டயருக்கடியில் எலுமிச்சை எதற்கு? எலுமிச்சையே போதுமென்றால் படிவம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்க புனேயைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பிம்ப்ரியில் டாடா, ஆகுர்டியில் பஜாஜ், சாகணில் மஹிந்திரா, மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வாகன் என்று ஊரைச் சுற்றி வண்டித் தொழில். நகரத்துக்குள்ளே வேதாள் டேக்டி என்று ஒரு குன்று உண்டு. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கேள்வி கேட்குமே, அந்த வேதாளத்தின் பெயர்தான். அதன் ஒரு பக்கம் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம்; தொடங்கியது 1966ல். குன்று வரிசையின் மறுபக்கம், லா காலேஜ் சாலையில், 1917ல் தொடங்கிய பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம். பல பத்தாண்டு உழைப்புக்குப் பின் மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை அது முடித்து வெளியிட்டதும் அதே 1966ல்தான். எஞ்சின் எப்போது பழுதாகும் என்று ஒரு பக்கம் ஆராய்ச்சி, தர்மம் எப்போது பழுதாகும் என்று மறுபக்கம்.

வாரண்டிக் கேள்விக்கு விடை தேட, குன்றின் இந்த இரண்டாம் பக்கமே அதிகம் உதவுகிறது. ஈசுவரகிருஷ்ணர் எழுதிய சாங்கிய காரிகை, ஆறாம் நூற்றாண்டிலேயே சீன மொழிக்குப் போய்விட்ட நூல். அதன் முதல் செய்யுளே துன்பம் மூன்று வகை என்று தொடங்குகிறது. தன்னிலிருந்தே கிளம்புவது ஆத்யாத்மிகம். பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம். மழை, இடி, கிரகம் என்று தெய்வத்தின் கணக்கில் எழுதப்படுவது ஆதிதைவிகம். தமிழிலும் இது புதிதல்ல. குறளின் கடவுள் வாழ்த்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் இதே மூன்றைச் சொல்கிறார்.

காருக்கும் இதே மூன்று துன்பங்கள்தான்.

கியர்பாக்ஸ் உள்ளேயே ஏதோ நொடிந்து வண்டி அசைய மறுத்தால் அது ஆத்யாத்மிகம். பார்க்கிங்கில் யாரோ பைக்கால் கோடு போட்டுவிட்டுப் போனால் ஆதிபௌதிகம். 2024 ஜூலை 25 அன்று, கொட்டிய மழையோடு கடக்வாஸ்லா அணையிலிருந்து முட்டா ஆற்றில் திறந்த தண்ணீரும் சேர்ந்து சிங்ககட் சாலை ஏக்தா நகரிக்குள் புகுந்து வண்டிகளை மூழ்கடித்ததே, அது ஆதிதைவிகம். (அணையைத் திறந்தது மனிதர்கள்தானே என்பது நியாயமான வாதம். சாங்கியம் அதை எந்தப் பெட்டியில் போடும் என்பதைப் பண்டிதர்களிடம் விட்டுவிடலாம்.)

எக்ஸ்டெண்டட் வாரண்டி இந்த மூன்றில் ஒன்றை மட்டுமே தொடும். தயாரிப்பிலோ மூலப்பொருளிலோ இருந்த குறை பின்னால் வெளிப்பட்டால், அதற்கு மட்டும்தான் அது பொறுப்பு. டர்போ, கியர்பாக்ஸ், ஈ.சி.யூ., ஏ.சி. கம்ப்ரஸர் மாதிரிப் பெரிய செலவுகள் அதில் அடங்கும். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், டயர் வராது. அவை தேயத்தான் பிறந்தவை. நோய் வேறு, மூப்பு வேறு என்று வாரண்டிப் புத்தகம் தீர்ப்பு எழுதிவிட்டது. திருட்டும் விபத்தும் வெள்ளமும் இன்ஷூரன்ஸின் இலாகா. அதிலும் தண்ணீரில் நிற்கும் வண்டிக்கு ஸ்டார்ட் கொடுத்து எஞ்சின் போனால், 'எஞ்சின் புரொடெக்‌ஷன்' என்ற தனிச் சேர்க்கை இல்லாவிட்டால் கை விரித்துவிடுவார்கள். இந்த இரண்டு காகிதங்களையும் ஒன்றென்று நினைத்துக் காசு கட்டியவர்கள் ஊரில் நிறைய.

சாங்கிய காரிகை அடுத்து எழுப்பும் கேள்வி இன்னும் கூர்மையானது. உடல் நோய்க்கு மருந்து இருக்கிறது, எதிரிக்குப் பத்திரமான வீடு இருக்கிறது, கிரகத்துக்கு மணியும் மந்திரமும் இருக்கின்றன. கண்ணெதிரே இவ்வளவு பரிகாரம் இருக்க, தத்துவ விசாரம் எதற்கு? வாசஸ்பதி மிஸ்ரரின் உரை இந்தப் பட்டியலை ரசித்து எழுதுகிறது. வாட்ச்மேன் காவல் காக்கும் பார்க்கிங், வாரண்டி, எலுமிச்சம்பழம் மூன்றையும் அந்தப் பட்டியலில் அப்படியே பொருத்திவிடலாம். நூல் சொல்லும் பதில் சுருக்கமானது. இந்தப் பரிகாரங்கள் பலிக்கும் என்று உறுதியும் இல்லை, பலித்தாலும் நிலைப்பதில்லை.

படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தவருக்கு இது தத்துவமாகவே தோன்றாது. கம்பெனி சர்வீஸ் சென்டரில், சொன்ன தேதிக்குள் சர்வீஸ் செய்திருக்க வேண்டும். வெளியில் சி.என்.ஜி. கிட் மாட்டியிருந்தால் சிக்கல். பழுது 'உற்பத்திக் குறை'தானா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் எதிர்த் தரப்பே. உறுதி இல்லை என்பது இதுதான். நிலைப்பதில்லை என்பதற்கு ஒரே வரி போதும்: வருடமா கிலோமீட்டரா, எது முந்துகிறதோ அதுவரை.

இந்த 'எது முந்துகிறதோ' ஆளுக்கு ஆள் வேறு வேலை செய்கிறது. மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் சாதாரண வாரண்டியை 2 வருடம், 40,000 கிலோமீட்டரிலிருந்து 3 வருடம், 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. காசு கட்டி நீட்டித்தால் 6 வருடம், 1,60,000 வரை போகும். ராஸ்தா பேட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஒருவர் வண்டியைக் கோயிலுக்கும் காய்கறிச் சந்தைக்கும் எடுப்பவர் என்றால், ஆறு வருடத்தில் 30,000 தாண்டுவதே அபூர்வம். ஹிஞ்சவடியிலிருந்து கராடிக்குத் தினமும் போய்வரும் ஐ.டி. ஊழியருக்கு வருடத்துக்கே 15,000 ஓடிவிடும். கட்டுவது ஒரே தொகை, வாங்குவது வெவ்வேறு சரக்கு. வண்டியை நான்கே வருடத்தில் மாற்றுகிறவருக்கு, அடுத்த உரிமையாளரிடம் காட்டிக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்கலாம் என்பதைத் தவிரப் பெரிய லாபம் இல்லை.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, நீட்டித்த வாரண்டி வாங்கிய 12,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஒருமுறை விசாரித்தது. 55 சதவீதம் பேர் அதை ஒரு ரிப்பேருக்குக்கூடப் பயன்படுத்தவில்லை. உடனே 'பார், வீண்செலவு' என்று சொல்லிவிட முடியாது. டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டுச் சாகாமல் இருப்பவர் ஏமாந்தவர் இல்லையே. வித்தியாசம் இழப்பின் அளவில் இருக்கிறது. சம்பாதிப்பவர் போனால் குடும்பம் நிமிராது. ஏ.சி. கம்ப்ரஸர் போனால் அந்த மாதம் கடிக்கும், அவ்வளவுதான். தாங்கக்கூடிய இழப்புக்கு அடுத்தவரிடம் காசு கட்டுவதைவிட, அதே தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவைப்பது மேல். அதே சமயம், கையிருப்பெல்லாம் முன்பணமாகப் போய், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் டர்போவும் உள்ள வண்டியை ஏழு வருடக் கடனில் எடுத்தவர் இருக்கிறார். அவருக்கு நான்காம் வருடத்தில் பெரிய பில் வந்தால் தாங்காது. அவர் வாங்கினால் அதில் தவறே இல்லை.

ஆனால் பையன் விற்பது ரிப்பேரை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. அவன் சொன்னது 'டென்ஷன் இல்லை' என்று. ஆத்யாத்மிகத் துன்பத்தில் உடம்பு ஒரு பாதி, மனம் மறு பாதி என்பது உரைகாரர்களின் கணக்கு: வாதமும் பித்தமும் ஒரு பக்கம், ஆசையும் அச்சமும் மறு பக்கம். படிவம் காருக்கு மருந்து என்று விற்கப்பட்டாலும், சாப்பிடுகிறவர் காகாதான். அந்த மருந்துக்குப் பக்க விளைவும் உண்டு. சர்வீஸ் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனால் புதுக் கவலை. டேஷ்போர்டில் ஒரு கிறீச் சத்தம் கேட்டால், வாரண்டி முடிவதற்குள் காட்டிவிட வேண்டுமே என்ற பரபரப்பு.

இன்னொரு கோணமும் உண்டு. சான்ட்ரோ ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வெளிவந்த அதே 1998ல், தரத்துக்காக அமெரிக்காவில் கேலி செய்யப்பட்டுக்கொண்டிருந்த ஹூண்டாய், அங்கே எஞ்சினுக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் 10 வருடம், 1,00,000 மைல் வாரண்டி என்று அறிவித்தது. அது செய்தவன் கொடுத்த வாக்கு. எக்ஸ்டெண்டட் வாரண்டியில் வாக்குக்குத் தனி விலை வைக்கிறார்கள். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இந்த இடத்தில் நிதானமாக யோசித்திருக்கிறார்கள். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1985ல், நிச்சயமின்மையை விற்கும் வணிகக் காப்பீடு கூடாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்று முடிவு செய்தது. பொருளோடு சேர்ந்து வரும் வாரண்டி செய்தவனின் கடமை. அதைத் தனியே விலைக்கு விற்றால் அது காப்பீட்டின் ஜாதி என்பது அவர்களில் பலருடைய கருத்து. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பிரிவினை நல்ல பிரிவினை.

பக்திக்கும் பத்திரத்துக்கும் பகை என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். மும்பை கிங்ஸ் சர்க்கிளில் ஜி.எஸ்.பி. சேவா மண்டல், 2025 கணேஷ் உற்சவத்துக்கு 474.46 கோடி ரூபாய்க்குக் காப்பீடு எடுத்தது. விக்கினம் தீர்ப்பவருக்கே இன்ஷூரன்ஸா என்று கிண்டல் வந்தது. ஆனால் அதில் சுமார் 375 கோடி, தொண்டர்கள், பூசாரிகள், சமையல்காரர்கள், செருப்பு பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரின் விபத்துக் காப்பீடு. நகைக்கு ஒதுக்கியது 67 கோடி.

புனேக்காரர்கள் புது வண்டிக்கு முதலில் வணங்கும் தகடூசேட் கணபதிக்கு வேறு கதை. ஹல்வாய் தகடூசேட் இனிப்புக் கடைக்காரர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பிளேக்கில் மகனைப் பறிகொடுத்தார். குரு மாதவ்நாத் மகாராஜ் சொன்னபடி, தம்பதியர் இழந்த பிள்ளையின் இடத்தில் கணபதியை வைத்தார்கள். நஷ்ட ஈடு என்ற சொல்லுக்கே இடமில்லாத இழப்பு அது. ஊருக்கு வடமேற்கே தேஹூவில் மளிகைக் கடை வைத்திருந்த பக்திக் கவி துக்காராம், 1630 வாக்கில் தக்காணத்தை உலுக்கிய பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் இழந்தார். தம்பியின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, தன் பங்குக் கடன் பத்திரங்களை இந்திராயணி ஆற்றில் விட்டார் என்று மரபு சொல்லும். அவருக்கு வர வேண்டிய காசுக்கான காகிதங்கள் அவை. இன்றைக்கு அந்த ஆற்றின் இருபுறமும் தேஹூவையும் ஆளந்தியையும் சுற்றிக் கார் உதிரி பாகத் தொழிற்சாலைகள். வார்க்கரி பக்தர்களின் பல்லக்கு புறப்படும் நாளில் கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டு நிற்கின்றன.

இனி நம் காகா. படிவத்தில் கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பது அவர் பாடு. ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. டோ செய்து கொண்டுபோனால், மெக்கானிக் பானெட்டைத் திறந்து, பல் பட்டு நார் நாராகப் பிய்ந்த ஒயரைத் தூக்கிக் காட்டுகிறார். எலி. வாரண்டியில் வராது காகா, இன்ஷூரன்ஸில் கேட்டுப் பாருங்கள் என்கிறார். பிறகு, இதற்கெல்லாம் காசு வேண்டாம் என்று சொல்லி, புகையிலை இலையும் நாப்தலீன் உருண்டையும் ஒரு துணியில் கட்டி எஞ்சின் பக்கத்தில் செருகிவிடுகிறார். காகா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகுகிறார். டேஷ்போர்டில் தகடூசேட் கணபதி. அவர் காலடியில், கையில் ஒரு மோதகத்தைப் பிடித்துக்கொண்டு, மூஞ்சூறு.