மீளவாசிப்பும் அறப்பொறுப்பும்: வீரக் காதற்கதைகளை முன்வைத்து ஒரு நோக்கு

முடிவு தெரிந்த கதையை மனிதன் மீண்டும் படிப்பது ஏன்? இவ்வினா இலக்கியச் சுவையோடு மட்டும் தொடர்புடையதன்று. மந்திரவாதிகளும் பூதங்களும் பிரிந்து கூடும் காதலரும் நிறைந்த கதைத்தொடர் ஒன்றைப் பலமுறை படித்து, மாந்தரின் வமிசாவளியை மனனஞ் செய்து, ஒரு பாகத்திற்கும் மறுபாகத்திற்கும் இடையிலான முரண்களைக் கண்டறிந்து வாதிடுவோர் பல காலங்களிலும் இருந்துள்ளனர். அவர்கள்மீது சுமத்தப்படும் குற்றமும் பெரும்பாலும் ஒன்றே. உள்ள உலகை விட்டு இல்லாத உலகின்மேல் அன்பு செலுத்துவது அறமாகுமா என்பதே அது. இதனைப் பொதுப்பட விவாதிப்பதிலும், வரலாற்றில் இவ்வின்பம் உச்சநிலை அடைந்த ஒரு காலத்தைக் கொண்டு ஆராய்வது பயனுடையது.

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின் அத்தகைய காலம். 1508 இல் சரகோசா நகரில் அச்சிடப்பட்ட ‘கோல் நாட்டு அமாடிஸ்’ நான்கு பாகங்களைக் கொண்டது. அமாடிஸ் என்ற வீரன் ஒரியானா என்ற இளவரசியின்மேல் கொண்ட காதலே அதன் உயிர். தொகுத்து அச்சேற்றிய மொந்தால்வோ ஐந்தாம் பாகமாக அமாடிஸின் மகன் கதையையும் எழுதினார். பிறர் தொடர்ந்து எழுத, தொடர் பன்னிரண்டு நூல்கள்வரை நீண்டது. 1531 இல் ஸ்பானிய அரசு இத்தகைய கதைநூல்களை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. கதையை ஓர் அரசு அஞ்சியது என்பது அதன் செல்வாக்குக்குச் சான்று.

அரசு மட்டும் அஞ்சவில்லை. வாசகரே தம்மை ஐயுற்றனர். 1515 இல் பிறந்த புனித தெரேசா, இளமையில் இக்கதைகளில் மூழ்கி இரவும் பகலும் கழித்ததைத் தன் வரலாற்றில் குற்றவுணர்வோடு கூறுகின்றார். மொழியறிஞர் ஹுவான் தெ வால்தேஸ் தம் வாழ்வின் சிறந்த பத்து ஆண்டுகளை இப்பொய்க்கதைகளில் செலவிட்டதாக வருந்தினார். ஆயினும், அதே வால்தேஸ் அமாடிஸின் மொழிநடையையும் கதைப்பொருத்தத்தையும் நுணுகி ஆராய்ந்து, மொழி பயில்வோர் அதனைப் படிக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தார். வருந்தியவரே வழிகாட்டியாகவும் நிற்கின்றார். கவிஞரைத் தம் இலட்சிய அரசிலிருந்து விலக்கிய பிளேட்டோவும் இளமைமுதல் ஹோமர்மேல் கொண்ட அன்பை ஒப்புக்கொண்ட பின்னரே அத்தீர்ப்பை வழங்கினார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இக்குற்றச்சாட்டின் நவீன வடிவம், கற்பனைக் காதற்கதைகள் சமூக முரண்பாடுகளிலிருந்து மனிதனைத் தப்பியோடச் செய்கின்றன என்பதாகும். இதில் உண்மையில்லாமல் இல்லை. எனினும், தப்பியோடுபவன் எதிலிருந்து ஓடுகின்றான் என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். தெரேசாவின் தாய் தம் இல்வாழ்வின் துயர்களினின்று ஆறுதல் பெறவே இந்நூல்களைப் படித்தார். கணவருக்குத் தெரியாமற் படித்தார். 1984 இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஜானிஸ் ராட்வே, அமெரிக்க நகர் ஒன்றின் காதற்கதை வாசகியரை நேரிற் கண்டு ஆராய்ந்தார். கணவருக்கும் பிள்ளைகளுக்குமாக ஓயாது உழைத்த அப்பெண்களுக்கு, புத்தகம் கையிலுள்ள நேரமே தமக்கென வாய்த்த நேரமாக இருந்தது. வாசிப்பு என்ற செயல் ஒரு மெல்லிய எதிர்ப்பு. வாசிக்கப்பட்ட கதையோ ஆணாதிக்க மணவாழ்வையே இறுதியில் நியாயப்படுத்தியது. இவ்விரண்டையும் ஒருங்கே கண்டமையே ராட்வேயின் சிறப்பு. தப்பியோடுதல் என்ற ஒரு சொல்லால் இவ்வாசகியரை ஒதுக்கிவிடுபவர், அவர்களை ஓடச்செய்த சுமையைக் காணத் தவறுகின்றார்.

வாசகன் பற்றிய இச்சிக்கலை அதன் முழுமையில் நோக்கியவர் செர்வாந்தெஸ். அவருடைய ‘டொன் குவிக்சோட்’ 1605 இலும் 1615 இலுமாக இரு பாகங்களாக வெளிவந்தது. அதன் நாயகன் விளைநிலங்களை விற்று வீரக்கதை நூல்களை வாங்கியவன். ஊர்ப் பாதிரியாரோடும் நாவிதனோடும் எந்த வீரன் சிறந்தவன் என்று வாதிடுபவன். பெலியானிஸ் என்ற வீரன் அத்தனை காயங்கள் பட்டும் உடலெங்கும் தழும்பின்றி இருப்பது எவ்வாறு என ஐயுறுபவன். ஆசிரியர் முடிக்காது விட்ட கதையைத் தானே எழுதி முடிக்கவும் எண்ணியவன். ஆழ்ந்த இரசிகனின் இயல்புகள் அனைத்தும் அவனிடம் உள்ளன. அவனுடைய நூல்களை எரிக்க வந்த பாதிரியாரும் நாவிதனும் அவற்றை ஒவ்வொன்றாக நன்கறிந்திருந்தனர்; அமாடிஸை அதன் சிறப்புக் கருதித் தீயினின்று காத்தனர். ஆகவே, இந்நூல் மீளவாசிப்பை நகைக்கின்றது என்று மட்டும் முடிவுசெய்தல் பொருந்தாது.

குவிக்சோட்டின் பிழை எங்கே உள்ளது? அதற்கு அந்திரேஸ் என்ற சிறுவனின் கதையே விடை. ஒன்பது மாதக் கூலியைக் கேட்ட அவனை எசமானன் மரத்தில் கட்டி அடிக்கின்றான். அவ்வழியே வந்த குவிக்சோட் அதனைத் தடுக்கின்றான். கூலியைக் கொடுத்துவிடுவதாக வீரருக்குரிய சத்தியத்தைப் பெற்றுக்கொண்டு பெருமிதத்தோடு செல்கின்றான். தன் எசமானன் வீரனுமல்லன், வாக்குத் தவறாதவனுமல்லன் எனச் சிறுவன் எச்சரித்தும் அவன் கேட்கவில்லை. அவன் மறைந்ததும் சிறுவன் முன்னிலும் கொடுமையாக அடிக்கப்படுகின்றான். பின்னொரு நாள் சந்திக்கும்போது, தன்னைத் துண்டுதுண்டாக வெட்டுவதைக் கண்டாலும் இனி உதவிக்கு வரவேண்டாம் என்று அச்சிறுவன் அவனைச் சபித்துச் செல்கின்றான்.

தழும்பைப் பற்றி ஐயுற்ற வாசகன் சத்தியத்தைப் பற்றி ஐயுறவில்லை. கதைக்குள் நிகழ்வனவற்றை அவன் நுணுகி ஆராய்ந்தான். கதை மௌனம் சாதிக்கும் இடங்களை ஆராயவில்லை. வீரர் பணம் கொண்டு சென்றதாகப் படித்ததில்லை என்பதால் அவன் வெறுங்கையோடு புறப்பட்டான். சொல்லவேண்டிய தேவையில்லாத அளவுக்கு வெளிப்படையானதால் அதனை ஆசிரியர்கள் எழுதவில்லை என ஒரு விடுதிக்காரனே அவனுக்கு எடுத்துரைக்க நேர்ந்தது. பணியாளன் சாஞ்சோ மாதச் சம்பளம் கேட்டபோதும், எந்த நூலிலும் ஏவலாளர் சம்பளம் பெற்றதாகத் தான் படித்ததில்லை என்பதே அவனுடைய மறுமொழி. கூலி பற்றி வீரக்கதை பேசுவதில்லை. அதே கூலிக்காகவே அந்திரேஸ் அடிபட்டான். மீளவாசிப்பு எத்தனை முறை நிகழ்ந்தாலும், நூல் எவரைப் பேசவிடவில்லை என்ற வினா எழாதவரை, அது பார்வையை விரிக்காது. நூலின் எல்லையையே உலகின் எல்லையாக்கிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமாடிஸைப் படியாத ஒருவன் அச்சிறுவனின் அழுகையைக் கேட்டுக் குதிரையை நிறுத்தியிருப்பானா? வலியோனால் வதைபடும் எளியோனைக் காக்கவேண்டும் என்ற துடிப்பைக் குவிக்சோட்டுக்கு அளித்தவை அவன் திரும்பத் திரும்பப் படித்த அப்பொய்க்கதைகளே. அறிவுடையோர் பலர் அழுகுரலைக் கேட்டும் கடந்துசெல்வர். அவர்களிடம் பிழையான வாசிப்பும் இல்லை, பிழையான உதவியும் இல்லை. அவர்களினும் குவிக்சோட் ஒருபடி மேலானவன் எனலாம். ஆயினும், அடிபட்டவன் அந்திரேஸ் என்பதை மறந்து வாசகனுடைய நல்லெண்ணத்தை மட்டும் போற்றுவதும் அறமாகாது. அன்பு அழுகுரலைக் கேட்கும் செவியைத் தந்தது. அச்சிறுவன் சொன்னதைக் கேட்கும் பொறுமையை ஆராய்ச்சி தந்திருக்கவேண்டும், அது தரவில்லை.

இவ்வீரக்கதை மரபு ஈழத்துத் தமிழ் வாசகருக்கும் அந்நியமானதன்று. 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பி வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’ ஐரோப்பிய வீரக்கதை ஒன்றின் வழிவந்ததே. நாவலின் தோற்றம்பற்றிய ஆராய்ச்சியில் அதன் இடம் விவாதிக்கப்பட்டுள்ளது. அத்தகைய கதைகளைச் சுவைத்த வாசகர் அவற்றில் எதனைக் கண்டனர் என்ற வினாவும் அதேயளவு கவனத்திற்குரியது.

எனவே, கற்பனைக் காதற்கதையை மீண்டும் மீண்டும் படிப்பது தன்னளவிற் குற்றமாகாது, தன்னளவிற் சிறப்புமாகாது. முதல் வாசிப்பு நிகழ்ச்சியை அறியவும், இரண்டாம் வாசிப்பு அமைப்பை அறியவும் உதவும். அதற்கு மேலும் படிப்பவனுக்கு ஒரு கடன் உண்டு. தான் நேசிக்கும் நூல் கூறாது விட்டதைத் தேடுவதும், நூலுக்கு வெளியே நிற்கும் அந்திரேஸ் தன் எசமானன் வீரனல்லன் என்று சொல்லும்போது நூலை மூடிவைத்துவிட்டு அதனைச் செவிமடுப்பதுமே அக்கடன். அதனை நிறைவேற்றியவன் மீண்டும் தன் நூலுக்குத் திரும்புவதை எந்த அறநூலும் தடுக்கவேண்டியதில்லை.