காட்டுவானைக் காண்டல்

இறைவன் எங்கணும் நிறைந்தவன் என்பது சைவ நன்மக்கள் அனைவரும் இளமைதொட்டே கேட்டுவரும் உண்மையாம். கேட்டது நெஞ்சிற் பதிந்ததாயினும், அடுக்களையிலும் அங்காடியிலும் கழனியிலும் உழலுங்காலை அந்நிறைவினை அவ்விடத்தே நாம் காண்கின்றோமா என வினவின், விடைகூறத் தயங்குவோம். கருவறையின்முன் குவிந்த கை வீட்டு வாயிலை அடையுமுன்னரே நெகிழ்ந்துவிடுகின்றது. இஃது ஏன் நிகழ்கின்றது, இதனைத் திருத்திக்கோடல் கூடுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாகும்.

எல்லாம் சிவமே என்று கூறி அமைதல் எளிது. சித்தாந்தம் அவ்வாறு கூறிற்றில்லை. குடமும் ஆடையும் மாயையின் காரியங்கள்; அவை பாசத்தின்பாற் படுவன; பதி ஆகா. உயிரும் பதி அன்று. இறைவன் இவற்றோடு கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராதற் றன்மையால் உடனாயும் நிற்பன் என்பதே நம் ஆசிரியன்மார் முடிபு. ஆகலின், மட்குடம் ஒன்றை உற்றுநோக்கி ‘இது சிவம்’ எனத் தனக்குத்தானே பன்முறை சொல்லிக்கொள்வான் பயனெய்தான். அது கயிற்றைப் பாம்பெனக் காணும் திரிபுக் காட்சியோடு ஒக்கும். திரிபு எத்துணை அன்போடு கூடியதாயினும் திரிபே அன்றோ?

சென்ற ஆண்டு யாம் ஓரூரிற் சித்தாந்த வகுப்பு நடத்தி முடித்தபின், அம்மையார் ஒருவர் எம்மை அணுகினார். பக்கவாதத்தாற் படுக்கையிற் கிடக்கும் கணவரை 9 ஆண்டுகளாகப் பேணிவருபவர் அவர். கோயிலுக்குச் செல்லும் ஒழிவும் பெறாதவர். “எல்லாவற்றிலும் ஈசனைக் காண வேண்டும் என்கிறீர்கள், ஐயா. மலசலம் எடுக்கும் கலத்தில் நான் எதைக் காண்பேன்? காணாததைக் கண்டேன் என்று சொன்னால் அது பொய்யாகாதா?” என்று வினவினார். நேர்மையான வினா. இதற்கு ஆறுதன்மொழி இரண்டு கூறி அனுப்பிவிடுதல் முறையன்று. நூல்வழி நின்று விடை காணல் வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்டதேவர், சிவஞானபோதத்தின் 11-ஆம் சூத்திரத்தில் இதற்குரிய வித்தினை இட்டுவைத்துள்ளார். கண் தானே காணவல்லதன்று. உயிர் அதற்குக் காட்டியும் அதனோடு உடனின்று கண்டும் வருதலானே அது காண்கின்றது. அவ்வாறே உயிரும் தானே அறியவல்லதன்று. இறைவன் அதற்கு அறிவித்தும் உடனின்று அறிந்தும் வருகின்றான். இதனை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாம். நாம் தேடவேண்டுவது காணப்படும் பொருளினுள் ஒளிந்துகிடக்கும் வேறொரு பொருளை அன்று. காட்சி நிகழ்தற்கு ஏதுவாய் நிற்கும் காட்டுவானையே. கலம் கலமே, அதனைச் சிவமெனக் கொள்ளுமாறு எந்நூலும் பணித்திலது. ஆனால் அதனைத் தூய்மை செய்யும் கையின் இயக்கமும், பிறிதோருயிரின் நோயைத் தன்னோயாக உணரும் அறிவும், 9 ஆண்டும் தளராது நின்ற நெஞ்சின் உரனும் அவ்வம்மையார் தாமே ஆக்கிக்கொண்டனவோ? அவற்றை உடனின்று நிகழ்த்துவானை அத்தொழிலினிடையே நினைதலே ஈண்டுக் காட்சி எனப்படுவது. நினைக்கும்பொழுதும் அருவருப்புத் தோன்றுமாயின், தோன்றுக. அஃது உடற்கூற்றின் இயல்பே அன்றிக் குற்றமன்று.

இனி, சேரமான் பெருமாள் நாயனார் வரலாறு இப்பொருளை நன்கு விளக்கும். அவர் முடிசூடித் திருவஞ்சைக்களத்து இறைவனை வணங்கி யானைமேல் நகர்வலம் வருங்கால், உவர்மண் பொதி சுமந்த வண்ணான் ஒருவன் எதிர்ப்பட்டான். மழையில் உவர் கரைந்தூறி அவன் மேனி முழுதும் வெளுத்திருந்தது. அதனைக் கண்ட அரசர் யானையினின்று இழிந்து விரைந்துசென்று தொழுதார். அவனோ நடுங்கித் தான் வண்ணான் என்று உரைத்தான். அரசர் உவர்மண்ணைத் திருநீறென மயங்கினார் என்று இவ்வரலாற்றுக்குப் பொருள் கொள்ளின், அஃது ஒவ்வாது. மயங்கினாராயின், அவன் உண்மை உரைத்த மாத்திரையே மயக்கந் தீர்ந்து நாணியிருப்பர். அவர் நாணினாரல்லர். திருநீற்று வேடத்தை நீவிர் நினைப்பித்தீர், வருந்தாது செல்லும் என்னும் கருத்தமைய விடைகூறினர். உவர் உவராகவே இருந்தது. வண்ணான் வண்ணானாகவே நின்றான். அவ்விரண்டும் அரசர் உள்ளத்துத் திருவேடத்தின் நினைவை எழுப்பின. இது திரிபன்று, நினைவென்க. முடிசூடிய அந்நாளிலேயே இஃது அவர்க்கு வாய்த்தது. செருக்கு மிகுதற்குரிய நாள் அதனினும் வேறு யாதுளது?

வண்ணான் நடுங்கினமையும் ஈண்டு நோக்கத்தக்கது. தொழுகை தொழப்பட்டானுக்கு அச்சமாயிற்று. அரசர் அவ்வச்சத்தைக் கண்டார்; கண்டு நீக்கினார். அயலானிடத்துத் தெய்வத்தைக் கண்டேன் என்று ஆரவாரித்து, அவன் நாணமும் இடர்ப்பாடும் காணாதவன் யாதும் கண்டிலன் என்பதே எம் கருத்து.

இக்காட்சி ஒருநாளிற் கைகூடுவதன்று. ஏட்டுச்சுவடி பயின்றார் இதனை எளிதின் உணர்வர். பழைய ஏடுகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒருவடிவாய் நிற்கும், காலும் ரகரமும் வேறுபாடறியப் படா, சொற்பிரிப்பும் இல்லை. பயிலாதான் கண்ணுக்கு அவையெல்லாம் வெறுங் கீறல்களே. யாம் இளமையில் ஆசிரியர்பால் ஏடு படிக்கப் புக்கபோது, ஒரு பாட்டினைப் படித்து முடிக்க ஒரு பகல் சென்றது. ஆசிரியரோ ஏட்டைப் பார்த்தும் பாராமலும் பொருளையே படித்துச் செல்வார். ஏடு இருவர்க்கும் ஒன்றே. எழுத்துத் தெளியாதவழி விளக்குக்கரியைத் தடவுவர். உடனே வரிகள் எழுந்து தோன்றும். கரி எழுத்தினை ஆக்கிற்றில்லை, உள்ளதனைக் காட்டிற்று. திருநீறும் ஐந்தெழுத்தும் வழிபாடும் நமக்கு அக்கரிபோல உதவுவனவாம். (திருநீற்றிற்குக் கரியை உவமித்தமைக்கு அன்பர்கள் சினவற்க, உவமை தொழில் பற்றியதே, நிறம் பற்றியதன்று.)

எங்கும் உளனாயின் கோயில் எற்றுக்கு என்பார்க்கும் விடை இதனுள்ளே அடங்கும். 12-ஆம் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுமாறு மெய்யுணர்ந்தார்க்கும் விதித்தது. கருவறையிற் பழகாத கண் கழனியிற் காணுமென்பது, அரிச்சுவடி தொடாதவன் பழஞ்சுவடி படிப்பன் என்பதனோடு ஒக்கும். செல்ல இயலாதார்க்கு வீட்டுவிளக்கே போதியது.

தொடங்குவார் நாள் முழுதையும் ஒருங்கே திருத்த முயலாது, ஒரு தொழிலைத் தெரிந்துகொள்க. விளக்கேற்றலாயினும், நோயாளிக்கு நீர் முகந்து கொடுத்தலாயினும், கடைதிறத்தலாயினும் ஆகுக. அதனைத் தொடங்குமுன் ஐந்தெழுத்தினை ஒருமுறை எண்ணுக. மறந்துழி, வருந்தி நில்லாது மறுநாள் தொடர்க. அவ்வொன்று ஒரு மண்டலம் வழுவாது நின்றபின், இரண்டாவதனைச் சேர்த்துக்கொள்ளலாம்.