தள்ளி உட்கார இடமில்லாத தீ

ரீல்ஸில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி ஒன்று உண்டு. வெளியே பனி. உள்ளே மரப்பலகை அடித்த பழைய வேன். ஓரத்தில் ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு அடுப்பு, அதன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆடுகிற நெருப்பு, பக்கத்தில் தூங்கும் நாய். கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் புகைக்குழாயை மட்டும் கேமரா பெரும்பாலும் காட்டுவதில்லை. எனக்குப் பேச வேண்டியது அந்தக் குழாயைப் பற்றித்தான்.

ஒரு மனிதர் தன் குளிருக்குத் தானே தீ மூட்டிக்கொள்கிறார், இதில் அடுத்தவருக்கு என்ன? கேள்வி இவ்வளவுதான். பதில் அவ்வளவு சுலபமாக இல்லை.

முதலில் வேனுக்குள் நியாயமாக ஒரு பார்வை பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஜனவரி இரவு என்றால் பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர். வேனின் சுவரோ தகரம். மூச்சில் வரும் ஈரமே அதில் பட்டுத் தண்ணீராக வழியும். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் வைத்தால் இன்னும் மோசம்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உள்ளேயே தங்கும். மெத்தைக்கு அடியில் பூஞ்சை பூத்துவிடும். டீசல் ஹீட்டர் சுத்தமானது, ஆனால் அதற்கு பேட்டரி உயிரோடு இருக்க வேண்டும். விறகடுப்புக்கு மின்சாரமும் வேண்டாம், பம்பும் வேண்டாம். ஈரத்தைக் குழாய் வழியே வெளியே அனுப்பிவிட்டு உலர்ந்த வெப்பத்தைத் தருகிறது. ஆக, இது வெறும் அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை.

ஆனால் தீ காற்றைத் தின்னும். ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரியக் குறைந்தது ஐந்து கன மீட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் அடுப்பு அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். ஒரு பெரிய வேனின் உள்ளறை மொத்தமே பத்துப் பன்னிரண்டு கன மீட்டர்தான். அதாவது ஒரு கிலோ விறகு எரியும் நேரத்தில் அறைக் காற்று முழுவதும் ஒருமுறை அடுப்புக்குள் போய் வந்துவிடுகிறது. அதனால் குளிரைத் தடுக்கக் கட்டிய சுவரிலேயே குளிர் வருவதற்கு ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டையைத் துணி வைத்து அடைத்துவிட்டுத் தூங்குகிறவர்களும் உண்டு. வேனில் ஆபத்து சுவாலையோடு முடிவதில்லை. கங்கு அடங்கி, குழாய் ஆறி, இழுப்பு குறைந்த பிறகு கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்புகிறது. நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும்.

அரசரோடு பழகுகிறவர்கள் குளிர்காய்கிறவர்களைப் போல ரொம்ப விலகாமலும் ரொம்ப நெருங்காமலும் இருக்க வேண்டும் என்று ஒரு குறள் சொல்கிறது. அந்த உவமைக்குப் பின்னால் ஒரு திறந்தவெளி இருக்கிறது. சுட்டால் தள்ளி உட்காரலாம், குளிர்ந்தால் கிட்டே வரலாம். இரண்டு மீட்டர் அகல வேனில் அந்த வசதி கிடையாது. தீயோடு உள்ள உறவைத் தூரத்தால் சரிசெய்துகொள்ள முடியாது, காற்றுக் கதவைத் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். அங்கேதான் அறச்சிக்கலும் தொடங்குகிறது. கதவை மூடினால் விறகு மெல்லப் புகைந்து விடியும்வரை தாங்கும், செலவும் மிச்சம். ஆனால் அப்படிப் புகையும் தீதான் அதிகக் கரியையும் நச்சையும் கக்குவது. எனக்கு இதமாக இருக்கும் தீயும் பக்கத்துத் தெருவுக்குக் கெடுதலான தீயும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த வாழ்க்கைக்கு முன்னோடியாகப் பலரும் தோரோவைக் காட்டுவார்கள். வால்டன் குளக்கரையில் அவர் குடிசை பத்துக்குப் பதினைந்து அடி, இன்றைய மோட்டார்ஹோம் அளவுதான். முதல் குளிர்காலத்தில் தானே கட்டிய திறந்த கணப்பில் விறகு எரித்தார். அடுத்த குளிருக்கு, காடு தனக்குச் சொந்தமில்லை என்பதால், சிக்கனத்துக்காக ஒரு சிறு இரும்பு அடுப்புக்கு மாறினார். அது தீயை மறைத்துவிட்டது, ஒரு துணையை இழந்தது போலிருந்தது என்று வருத்தப்பட்டிருக்கிறார். (இன்றைய கண்ணாடிக் கதவு அந்த வருத்தத்துக்குக் கிடைத்த பதில்னே சொல்லலாம்.) நிலம் எமர்சனுடையது. யாரையும் சாராமல் வாழ்வதைப் பற்றி எழுதியவரின் தீயும் இன்னொருவர் காட்டைச் சார்ந்துதான் இருந்தது. அவரைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. சொந்தமில்லாததைக் குறைவாக எரிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அது எனக்கு முக்கியம். அவர் எண்ணியது விறகை. புகையை எண்ண வேண்டிய தேவை அந்தக் குளக்கரையில் இல்லை.

லண்டனுக்கு அந்தத் தேவை வந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நகரத்தின் மேல் நிலக்கரிப் புகை அசையாமல் நின்றது. அப்போதைய கணக்கில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பின்னாளில் ஆய்வாளர்கள் அதை 12,000 வரை உயர்த்தினார்கள். குற்றவாளி யார்? ஆலைகளோடு சேர்த்து, குளிருக்குக் கணப்பு மூட்டிய லட்சக்கணக்கான சாதாரண வீடுகள். அவற்றில் எந்த ஒன்றையும் கழித்துப் பாருங்கள், சாவு எண்ணிக்கை மாறாது. டெரக் பார்ஃபிட் 1984-ல் இந்த மாதிரிக் கணக்கைத்தான் தோண்டினார். ஆயிரம் வதையாளர்கள் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகிறார்கள்; ஒவ்வொரு அழுத்தலும் கூட்டும் வலி உணர முடியாத அளவு சிறியது; மொத்தமாக அது சித்திரவதை. ‘என்னால ஒண்ணும் ஆகலையே’ என்று அந்த ஆயிரம் பேரும் உண்மையாகவே சொல்லலாம். சொன்னாலும் அவர்கள் தப்புச் செய்தவர்கள்தான் என்றார் பார்ஃபிட். நான் அவர் பக்கம். ‘என் வேன் ஒண்ணுதானே’ என்பது பொய் இல்லை, ஆனால் அது பதிலும் இல்லை.

1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது கட்டடங்களின் புகைபோக்கி. 2021-ல் வந்த சட்டம் கால்வாய்க் கரையில் கட்டிக் கிடக்கும் படகுகளையும் சேர்த்துக்கொள்ள உள்ளாட்சிகளுக்கு வழிவிட்டது. அதே ஆண்டு சிறு மூட்டைகளில் ஈர விறகு விற்பதும் இங்கிலாந்தில் தடையானது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நல்ல விதிதான். ஆனால் விறகைக் காய வைக்க என்ன வேண்டும்? கூரை போட்ட ஒரு கொட்டகை, ஓரிரு ஆண்டு பொறுமை, அதற்கெல்லாம் முன்பு ஒரு துண்டு நிலம். பிரிஸ்டலின் தெருவோரங்களில் வேனில் வாழ்கிறவர்களில் பலர் ரீல்ஸுக்காக அங்கே இல்லை, வாடகை கொடுக்க முடியாமல் இருக்கிறார்கள். நிலம் உள்ளவருக்கு மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கி அடுக்கிவைக்கத் தெம்பிருக்கிறது. வேன்காரர் பெட்ரோல் பங்கில் சிறு மூட்டையாக, கிலோவுக்கு அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும், இல்லையென்றால் கிடைத்த பலகையைப் பொறுக்கி எரிக்க வேண்டும். சுத்தமாக எரிப்பதற்கும் சொத்து தேவைப்படுகிறது. பிரிஸ்டல் முழுவதுமே புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறைப் புகையில் கண் எரிந்து வளர்ந்த வீடுகள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020-ல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் பாட்டிகள் தப்பித்து வெளியே வந்த அடுப்புக்கு இன்னொருவர் ஆசையோடு திரும்பிப் போவதைப் பார்க்கும்போது எரிச்சல் வருவது எனக்கும் உண்டு. ஆனால் அந்த எரிச்சலை இரண்டு பேர் மேலும் சமமாகக் காட்டக் கூடாது. நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு வார இறுதியில் வேனில் தீ மூட்டுகிறவர் வேறு, பூட்டுவதற்கு வீடே இல்லாதவர் வேறு. குழாயிலிருந்து வருகிற புகை மட்டும் ஒன்று. ஆஸ்துமா உள்ள பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரல், இது ஏழையின் புகை என்று விலக்குக் கொடுக்காது.

அப்படியென்றால் வீடில்லாதவரிடம் என்ன கேட்கலாம்? காய்ந்த விறகு, சிறிய தீ, திறந்த காற்றுக் கதவு, தூங்கும் முன் முழுதாக அணைய விடுவது, ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். அவர் உயிரைக் காப்பதும் அடுத்தவர் மூச்சைக் காப்பதும் இங்கே பெரும்பாலும் ஒரே பட்டியல், அதனால் தயங்காமல் கேட்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் பதினோரு மணிக்குத் தீயை அணைய விட்டால் அதிகாலை மூன்று மணிக்கு வேன் மறுபடி வெறும் தகரம். அந்த நான்கு மணி நேரக் குளிரை அவர் யாருக்காகத் தாங்குகிறாரோ, அவர்கள் தங்கள் வீட்டில் ரேடியேட்டரைத் திருகிவிட்டுத் தூங்குகிறார்கள். அவர் வண்டியை நிறுத்த ஓர் இடமும் மின்சாரத்துக்கு ஒரு பிளக்கும் கொடுக்க அந்தத் தெரு சம்மதிக்குமா என்று அடுத்துக் கேட்க வேண்டும். புகையைப் பற்றிப் புகார் எழுதுகிற அதே கையெழுத்தில் அதற்கு எதிரான மனுவும் வருகிறது.