நாள் குறி!

எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

"ஒரு நாள் கிரீஸ் போகணும்." செல்போனில் சாண்டோரினியின் வெள்ளை வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்கிறாய். பெருமூச்சு விடுகிறாய். அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறாய்.

எந்த நாள்? எந்த மாதம்? எந்த வருடம்?

சுவரில் தொங்கும் காலண்டரைப் பார். அதில் அமாவாசை இருக்கிறது. கரிநாள் இருக்கிறது. ராகுகாலம்கூட இருக்கிறது. "ஒரு நாள்" என்று ஒரு நாள் அதில் இல்லவே இல்லை!

உனக்கு ஆசை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆசை மலை போல் இருக்கிறது. அதற்குத் தேதி வைக்கத்தான் பயம்.

தேதி வைத்தால் காசு சேர்க்க வேண்டும். லீவு கேட்க வேண்டும். விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். மறுத்துவிட்டால்? சொந்தக்காரர்கள் சிரித்தால்?

அந்தச் சிரிப்புக்குப் பயந்துதானே இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்திரு!

"காசு இல்லை" என்கிறாய். சரி. எவ்வளவு இல்லை? தொகையைச் சொல்!

சொல்ல முடியவில்லை, பார்த்தாயா? ஒரு தாளை எடுத்து நீ கணக்கே போட்டதில்லை. போடாத கணக்குக்கு எப்படி விடை வந்தது?

இன்று போடு. கிரீஸுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவின் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. விமான டிக்கெட். பத்து இரவு அறை வாடகை. சாப்பாடு. கப்பல். ஏதென்சின் அக்ரோபொலிஸ் குன்றின் நுழைவுச் சீட்டு, 2025 ஏப்ரலிலிருந்து 30 யூரோ.

ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண்ணை எழுது. கூட்டு. நீ சேர்க்கக்கூடிய மாதத் தொகையால் வகு. பதினெட்டு மாதம் வருகிறதா? முப்பது மாதம் வருகிறதா? வரட்டும்! அதுதான் உன் தேதி.

மாதம் கொஞ்சம்தான் மிஞ்சுகிறது என்றால் தேதியைத் தள்ளி வை. அழித்துவிடாதே. தள்ளி வைத்த தேதிக்கும் அழித்த தேதிக்கும் உள்ள வித்தியாசம் உனக்குத் தெரியாதா?

எந்த மாதம் என்று கேட்கிறாயா? ஜூலை, ஆகஸ்டை விடு. வெயில் 40 டிகிரியைத் தொடும். பகல் உச்சியில் அக்ரோபொலிஸையே மூடிவிடுகிற நாட்கள் உண்டு. ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாளை ஒட்டி நாடே தீவுகளுக்குக் கிளம்பிவிடும். கப்பலில் இடம் தேடி அலைவாய்.

செப்டம்பர் கடைசியைக் குறி. கோடை முழுக்கக் காய்ந்த கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கூட்டம் கலையத் தொடங்கியிருக்கும். அறை வாடகை இறங்கியிருக்கும். நவம்பர் வந்துவிட்டால் தீவுகளில் பாதிக் கடை பூட்டிக்கிடக்கும்.

ஏதென்சுக்குப் பக்கத்தில் இருக்கும் துறைமுகம் பிரேயஸ். விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயில் நேராக அங்கே போகிறது. அங்கிருந்து சாண்டோரினிக்கு வேகப் படகும் உண்டு, பெரிய கப்பலும் உண்டு. வேகப் படகுக்குச் சுமார் ஐந்து மணி நேரம்; காசு அதிகம். பெரிய கப்பலுக்குச் சுமார் எட்டு மணி நேரம், காசு குறைவு.

எட்டு மணி நேரமா என்று மலைக்காதே. மதுரைக்கு பஸ்ஸில் இடுப்பொடிய உட்கார்ந்து போகிற ஆள்தானே நீ? இங்கே மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு, வழியில் ஒவ்வொரு தீவாக எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டு போகப்போகிறாய்!

அந்தப் பிரேயஸ் நகரத்தின் தெருக்களை இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கும் முன்னால் கட்டம் கட்டமாகத் திட்டமிட்டவர் ஹிப்போடாமஸ். ஒரு மனிதர் ஒரு துறைமுக நகரத்தையே திட்டமிட்டார். உன்னால் பத்து நாளைத் திட்டமிட முடியாதா?

ஒன்றை மட்டும் மறக்காதே. ஏஜியன் கடலில் கோடைக் காலத்தில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். மிஞ்சினால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசி இரவைத் தீவில் வைக்காதே, ஏதென்சில் வை. விமானம் உனக்காகக் காத்திருக்காது.

அடுத்து உன் பெரிய பயத்துக்கு வருகிறேன். "விசா தரமாட்டாங்க."

எனக்கும் தரவில்லை!

முதல் முறை பாஸ்போர்ட் ஒரு கவரில் திரும்பி வந்தது. உள்ளே ஒரு தாள். வரிசையாகக் கட்டங்கள். ஒரே ஒரு கட்டத்தில் டிக். தங்கும் நாட்களுக்குப் போதிய பணவசதி இருப்பதை நான் நிரூபிக்கவில்லையாம்.

அந்தக் கவரை பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். கேட்டவர்களிடம் ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். மூன்று வாரம் அந்த பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்தது.

நாலாவது வாரம் எடுத்துப் படித்தேன். நிதானமாக, ஒவ்வொரு வரியாக.

அந்த டிக் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் பாங்க் கணக்கைப் பற்றித்தான் சொன்னது. விண்ணப்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது மைத்துனரிடம் கடன் வாங்கி மொத்தமாக ஒரு தொகையைக் கணக்கில் போட்டிருந்தேன். முன்னே பின்னே தெரியாத ஓர் அதிகாரிக்கு அது என் பணம் என்று எப்படித் தெரியும்?

தப்பு தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்? மாதாமாதம் சேர்த்தேன். ஆறு மாத ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, லீவுக் கடிதம், எந்த இரவு எந்த ஊரில் என்று ஒரே பக்கத்தில் எழுதிய பயணத் திட்டம். எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போய் மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். கைரேகை வைக்கிற கண்ணாடியில் என் விரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டேதான் வைத்தேன்!

ஸ்டிக்கர் ஒட்டி வந்தது.

விதியைத் தெரிந்துகொள். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள் இருக்கும்வரை கொடுக்கலாம் என்பது விதிதான், அப்படி இழுத்தடிக்காதே. பதினைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும். சில சமயம் 45 நாள்வரை போகும். மறுத்தால் காரணம் எழுத்தில் வரும். மேல்முறையீடு செய்யலாம். மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

மறுப்பு வந்தவர்கள் எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்கள். விண்ணப்பமே போடாதவர் ஒருவராவது போய் வந்தாரா? சொல்!

"எனக்கு இங்கிலீஷே தகராறு. இதில் கிரேக்கமா?"

கிரேக்க எழுத்து மொத்தம் 24. உன் தாய்மொழிக்கு 247! சின்ன வயதில் 247-ஐ ஸ்லேட்டில் எழுதி எழுதிப் படித்த நீ, இந்த வயதில் 24-க்கு நடுங்குகிறாயா?

அதிலும் பாதி உனக்குத் தெரியும். ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, பை, சிக்மா. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டவைதானே? ஒரு வாரம் உட்கார்ந்தால் தெருப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாய்.

காலை வணக்கத்துக்கு "கலிமேரா". நன்றிக்கு "எஃப்காரிஸ்தோ". "நே" என்று சொன்னால் ஆமாம் என்று அர்த்தம். இல்லை என்று நினைத்துக் கடையை விட்டு வெளியே வந்துவிடாதே. புருவத்தை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்த்தால்தான் இல்லை.

"நான் சைவம். பட்டினி கிடக்கணும்."

யார் சொன்னது? ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நாடு அது. விரத நாட்களில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். அந்தச் சமையலுக்கு "நிஸ்திசிமோ" என்று பெயர். அந்த ஒரு சொல்லைச் சொல். அதிலும் சிப்பியும் கணவாயும் சேர்ப்பதுண்டு. கடல் உணவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிவிடு.

தக்காளிக்குள் அரிசியை அடைத்துச் சுட்டது வரும். திராட்சை இலையில் மடித்த சோறு வரும். ஹோர்தா என்று வேகவைத்த கீரை வரும். சாண்டோரினியில் "ஃபாவா" கேள். மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள். முதல் வாயிலேயே உன் அம்மா கடைந்த பருப்பு ஞாபகம் வரும்.

இதை நினைத்துப் பார். சேர நாட்டு முசிறியிலிருந்து மிளகு மூட்டைகள் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே மத்தியதரைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. முசிறியின் பெயரைக் கிரேக்க மொழியில் எழுதிய வணிகக் கையேடு இன்றும் இருக்கிறது. உன் மண்ணில் விளைந்த மிளகு போன இடத்துக்குப் போக நீ இவ்வளவு யோசிக்கிறாய்!

"தொடங்கினேன், பாதியில் நின்றுபோச்சு" என்கிறாயா? இரண்டு மாதம் சேர்த்த காசு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய்விட்டதா?

அப்படியானால் கொரிந்து கால்வாயைப் போய்ப் பார். ஏதென்சிலிருந்து பெலப்பொனீஸ் போகிற சாலையில் சுமார் 80 கிலோமீட்டர். பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். செங்குத்தான பாறைச் சுவர்கள், அடியில் நூல் போல நீலத் தண்ணீர்.

கி.பி. 67-ல் ரோமானியப் பேரரசன் நீரோ அதை வெட்டத் தொடங்கினான். மறுவருடம் செத்தான். வேலை நின்றது. ஒரு வருடமா, இரண்டு வருடமா? ஆயிரத்து எண்ணூறு வருடம்!

1880-களில் மறுபடி வெட்டினார்கள். எடுத்த நிறுவனம் திவாலானது. இன்னொரு நிறுவனம் தோளைக் கொடுத்தது. 1893-ல் முடிந்தது. ஆறு கிலோமீட்டர் சொச்சம் நீளம். நீரோ காலத்தில் குறித்த அதே தடத்தில்தான் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

நின்றுபோன உன் சேமிப்பும் வீண் இல்லை. முன்பு தொடங்கிய சேமிப்புப் புத்தகம் எங்கே? தேடி எடு. விட்ட இடத்திலிருந்து வெட்டு!

"எனக்கு வயசாகிடுச்சு. கால் வலி."

எனக்கும் வலித்தது. கிரீட் தீவில், சமாரியா பள்ளத்தாக்கில்.

கானியா ஊரிலிருந்து விடியுமுன் பஸ் பிடித்தேன். மலையின் மேல் 1,200 மீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கடல்வரை 16 கிலோமீட்டர். நடைதான். வேறு வழி கிடையாது. கீழே கடற்கரையில் இருக்கும் அயியா ரூமெலி கிராமத்துக்குச் சாலையே இல்லை. மாலையில் படகு பிடித்துத்தான் வெளியே வர வேண்டும்.

இறக்கம் சுலபம் என்று நினைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் நகம் ஷூவின் முனையில் இடித்து இடித்து விண்விண்ணென்று தெறித்தது. முழங்கால் பூட்டு கழன்றது போல ஆடியது. ஆற்றுப் படுகையில் உருண்டைக் கற்கள். ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

ஓர் ஊற்றுக் குழாயடியில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கோவேறு கழுதை ஒன்று கட்டிக்கிடந்தது. நடக்கவே முடியாமல் போனவர்களைச் சுமப்பதற்கு. அது என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன்.

திரும்பிவிடலாமா? திரும்பினால் இறங்கிய உயரம் அத்தனையும் ஏற வேண்டும். முன்னால் போனாலும் வலி, பின்னால் போனாலும் வலி. கடல் ஒரு பக்கம்தான் இருந்தது!

எழுந்தேன். எண்ணிக்கொண்டு நடந்தேன். நூறு அடி. அப்புறம் இன்னொரு நூறு.

பாறைச் சுவர்கள் நெருங்கி நெருங்கி வந்தன. ஓரிடத்தில் இரண்டு பக்கமும் வானத்தை முட்ட நின்றன. நடுவே நாலு மீட்டர்கூட இருக்காது. ஒரு பக்கச் சுவரில் கை வைத்தபடி அதைக் கடந்தேன். உள்ளங்கையில் பாறையின் குளிர்ச்சி ஏறியது. அப்புறம் காற்றில் உப்பு வாசனை.

கிராமத்தின் கூழாங்கல் கரையில் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, வீங்கிய காலோடு லிபியக் கடலில் இறங்கி நின்றேன். அழுதேன். வெட்கமே இல்லை.

அந்த நடைக்கும் நான் மூன்று மாதம் முன்பே தேதி வைத்திருந்தேன். மே முதல் அக்டோபர்வரைதான் பள்ளத்தாக்கு திறந்திருக்கும். தெருவில் தினமும் அரை மணி நேரம் நடந்து பழகினேன். படிக்கட்டு ஏறி இறங்கினேன். அவ்வளவுதான் தயாரிப்பு. வீராதிவீரன் செய்கிற காரியம் எதையும் நான் செய்யவில்லை.

நீயும் இன்று மாலையே படிக்கட்டில் இறங்கிப் பழகலாம். யார் தடுக்கிறார்கள்?

இதைப் படித்து முடித்ததும் செல்போனை எடுக்காதே. பீரோவைத் திற. பாஸ்போர்ட்டைத் தேடு. துணிக்கு அடியில் இருக்கிறதா, பழைய பில்களுக்கு நடுவில் இருக்கிறதா, எடு.

உன் புகைப்படம் இருக்கும் பக்கத்தைத் திருப்பு. ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டே இல்லையா? நாளைக் காலை விண்ணப்பம் போடு.

இருக்கிறதா? காலாவதித் தேதியைச் சத்தமாகப் படி.

இப்போது காலண்டருக்குப் போ. பேனா கையில் இருக்கிறதா?