வலியிலும் சிரிக்கலாமா?



சென்ற ஆண்டு கார்த்திகை மழையில் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து எனது வலது கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பார்க்க வந்தவர்கள் பலரும், "கோவிலுக்கு இவ்வளவு செய்தீங்களே ஐயா, அம்மா உங்களையே சோதிச்சிட்டாளே!" என்றார்கள். "அம்மா சோதிக்கவில்லை, நான்தான் படியைப் பார்க்கவில்லை" என்று சிரித்தேன். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. துன்பத்தில் சிரிப்பது பக்திக்குக் குறைவா? படுக்கையில் கிடந்த நாட்களில் இதையே சிந்தித்தேன்.

மூன்றாம் வாரமே கட்டை வெட்டச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தபோது, என் மனைவி அருணன் கதையை நினைவூட்டினாள். தாய் வினதை பொறுமையிழந்து முட்டையை உடைத்ததால் இடுப்புக்குக் கீழே வளர்ச்சியின்றிப் பிறந்தவர் அருணன். ஆனாலும் சூரியனின் தேரை அவரே ஓட்டுகின்றார். "அவர் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை. நீங்க மட்டும் முட்டையை உடைச்சிடாதீங்க" என்றாள். வலியோடு சிரித்தேன். பொறுமையும் வந்தது.

என் எலும்பு கூடிவிடும், எனவே எனக்குச் சிரிப்பது சுலபம். நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981 இல் திருச்சிக்கு அருகில் நடந்த பஸ் விபத்தின் பின் வலது காலையே இழந்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் காலைப் பொருத்திப் பழகி, 1984 இல் மீண்டும் மேடையேறினார். போன கால் திரும்பவில்லை, ஆட்டம் திரும்பியது. நம்பிக்கை என்பது இழந்ததெல்லாம் கிடைக்கும் என்று எண்ணுவதல்ல என்று அவரை நினைத்தபோது புரிந்தது.

ஆட்டம் என்றதும் மதுரை வெள்ளியம்பலம் மனதில் வந்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், இராசசேகர பாண்டியன் கடைசிக் கலையாக நடனம் பழகுகின்றான். உடல் நோகின்றது. தனக்கே இப்படியென்றால் எந்நாளும் ஒரே காலில் நின்றாடும் பெருமானுக்கு எவ்வளவு நோகும் என்று கலங்கி, கால் மாறி ஆடும்படி வேண்டுகின்றான். பெருமானும் மாறி ஆடினார். மற்றைய தலங்களில் இடது திருவடி தூக்கியிருக்கும், அங்கே வலது திருவடி. கடவுளுக்குக் கால் நோகுமா என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பாண்டியன் "எனக்கு ஏன் நோகின்றது?" என்று கேட்கவில்லை, "உனக்கும் நோகுமே" என்றான். அதுவே பக்தி.

நான் அரசாங்க இலிகிதராக இருந்தவன். பேரப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்காக ஒரு கொழுந்துக்காரப் பாட்டி காலை இழுத்து இழுத்து மலையிறங்கி வருவார். "நாளைக்கு வாங்க" என்று எத்தனை தடவை திருப்பியனுப்பியிருப்பேன்! இப்போது தினமும் காலையில் "இன்றைக்கு நடப்பாயா?" என்று என் காலைக் கேட்டால், அதுவும் "நாளைக்கு வாங்க" என்றது. சிரித்தேன். உடனே அந்தப் பாட்டியின் கால்கள் கண்முன் வந்தன. சிரிப்பு நின்றது. அவர் இன்று இல்லை. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

அடுத்தவர் வலியைப் பார்த்துச் சிரிப்பது பாவம். தன் வலியைப் பார்த்துச் சிரிக்கும்போதோ "எனக்கு, எனக்கு" என்ற புலம்பல் குறைகின்றது, பக்கத்திலிருப்பவர் வலி தெரிகின்றது.

"படியேறுவதும் புண்ணியம்தான்" என்று சொல்லி, நமது கோவில் படிகளுக்குக் கைப்பிடி வேண்டாமென்று பரிபாலன சபையில் வாதாடியவன் நானே. இம்முறை ஊன்றுகோலோடு போய் அதை முன்மொழிந்தவனும் நானே. சபையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிவனொளிபாத மலையில் திருவடியைத் தரிசிக்க ஏறும் நாம், கொழுந்துக்கூடை சுமந்து தேய்ந்த அடியவர் கால்களையும் நினைக்க வேண்டாமா?

அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஒரு வயோதிபத் தாய் சன்னிதிக்கு ஏறி வந்தால், எனது கால் முறிந்ததும் வீண்போகவில்லை என்று கொள்வேன். யாவருக்கும் அம்பாளின் திருவருள் கிட்டப் பிரார்த்திக்கின்றேன்.